மாதம் ஒரு மணித்தியாலம், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை

வட மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் மூட்டு நோயாளருக்குக் கிளினிக் நடத்தும் வைத்தியர்கள், தாதியர், இயன்மருத்துவர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

எனக்கு 28 வயது. துணுக்காய்ப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். ஆறு வருடமாக ருமட்டோயிட் ஆத்ரைட்டிஸ். ஊரில் முடக்குவாதம் என்பார்கள். கையில் இருப்பது மூன்றாவது கிளினிக் கொப்பி.

இந்த மடலில் நான் புது மருந்து கேட்கவில்லை, இயந்திரம் கேட்கவில்லை, கட்டடம் கேட்கவில்லை. கிளினிக் நடக்கும் நாளில், மாதத்தில் ஒருமுறை, கதவு சாத்தக்கூடிய ஓர் அறையை ஒரு மணித்தியாலத்துக்கு எங்களுக்குத் தாருங்கள். எங்களுக்கு என்றால், இந்த நோயோடு வாழ்கிற இளம் ஆட்களுக்கு. ஏன் கேட்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கிளினிக் நாளில் நான் விடிய மூன்றரைக்கு எழும்புவேன். முதல் பஸ் ஐந்தரைக்கு. இந்த நோயில் விடியற்காலைதான் மிகக் கடினமான நேரம். விரல் மடியாது, மடித்தால் நீளாது. அம்மா பேசினில் சுடுதண்ணீர் விட்டு உப்புப் போட்டு வைப்பார். அதற்குள் கையை விட்டபடி அரை மணித்தியாலம் இருந்தால்தான் தலை இழுக்கலாம், சட்டைக்கு ஊசி குத்தலாம். இவ்வளவும் முந்திப் போய் இலக்கத் துண்டு எடுக்க. காலையில் எழும்ப முடியாத நோய்க்கு இலக்கம் காலையில்தான் கொடுக்க வேண்டுமா என்பதையும் யாராவது ஒருநாள் யோசிக்க வேண்டும். அதை இன்னொரு மடலில் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முதல், ஒரு புரட்டாதி மாதம். வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது குறைவு. தண்ணீர்ப் போத்தலைத் திறக்கப் பார்த்தாள். போத்தலை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கி வைத்து, விரல்களை விட்டுவிட்டு, உள்ளங்கையை மூடிமேல் அழுத்தித் தோளால் திருப்பினாள். நான் பார்த்தபடியே இருந்தேன். நானும் அப்படித்தான் திறப்பேன். யாரும் காட்டித் தந்ததில்லை, வீட்டில் தனியாக இருந்து நானாகப் பழகியது. இன்னொருவரும் அப்படித் திறப்பார் என்று அதுவரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை.

நான் பார்ப்பதை அவள் கண்டுவிட்டாள்.

"அக்கா, உங்களுக்குக் காலமை எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"ரெண்டு மணித்தியாலம். உங்களுக்கு?"

"ஒண்டரை. மழைக்குக் கூட."

அவ்வளவுதான் பேச்சு. எதற்கு நேரம் எடுக்கும் என்று அவள் விளக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. அம்மாவுக்கும் முன்பள்ளிப் பொறுப்பாசிரியைக்கும் மாமிமாருக்கும் விளக்கி விளக்கிக் களைத்துப்போன ஒன்றை, பெயரும் தெரியாத ஒருத்தி கேள்வியாகவே கேட்டுவிட்டாள். அன்று திரும்பும்போது பஸ்ஸில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு அழுதேன். நோவு தாங்காமல் அழுத நாட்கள் உண்டு. அன்று எனக்கு அவ்வளவு நோவு இருக்கவில்லை.

வன்னியில் நோவைப் பற்றி வாய் திறப்பது லேசான காரியம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தபோது எனக்கு 11 வயது. எங்கள் ஒழுங்கையில் கால் இழந்தவர் இருக்கிறார், கண் இழந்தவர் இருக்கிறார், பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு இன்னமும் படலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய் இருக்கிறார். என் அண்ணா இடது காலில் முழங்காலுக்குக் கீழே இல்லாமல்தான் வயல் பார்க்கிறார். இவர்களுக்கு நடுவில் நின்று "எனக்கு விரல் நோகுது" என்று எப்படிச் சொல்வது? என் கையில் எறிகணை பட்ட தழும்பு இல்லை. "செல் பட்டதோ?" என்று கேட்பார்கள். இல்லை என்றால், "அப்ப என்ன? வாதமோ? அது அம்மம்மாமாருக்கெல்லோ வாறது." வீட்டில் ஒருவரும் என்னை அண்ணாவோடு ஒப்பிட்டுப் பேசியதில்லை. நானே ஒப்பிட்டேன், நானே வாயை மூடிக்கொண்டேன்.

அப்படியே ஒரு வருடம் போய்விட்டது. 2006 கடைசியில் வடக்கிலும் கிழக்கிலும் சிக்குன்குனியா பரவியபோது எங்கள் வீட்டில் எல்லோரும் படுத்தோம். காய்ச்சல் மாறிய பிறகும் மாதக்கணக்கில் மூட்டு நொந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். பல வருடம் கழித்து என் விரல்கள் வீங்கத் தொடங்கியபோது, அதன் மிச்சமாக்கும் என்று அம்மா நினைத்தார். நொச்சி இலை அவித்து ஆவி பிடித்தோம், முடக்கொத்தான் ரசம் வைத்தோம், எண்ணெய் பூசினோம். அவற்றைக் குறை சொல்லமாட்டேன். நொச்சித் தண்ணீரின் சூடு இன்றைக்கும் எனக்குச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிற நோய் இது. அதை எண்ணெய் நிறுத்தாது. முதல் மாதங்களிலேயே மருந்து தொடங்கினால் எலும்பு அரிபடாமல் பெருமளவு காக்கலாம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் வலது கைச் சுட்டுவிரல் இனி நேராகாது. என்னைப் போல் ஒருத்தி ஊரில் இருப்பதை அந்த வருடம் அறிந்திருந்தால் அது நேராக இருந்திருக்கலாம்.

இது கிழவர் நோய் என்ற நினைப்பு பலரிடம் இருக்கிறது, ஆனால் அது பிழை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019இல் இந்த ஒரு வகை வாதத்தோடு மட்டும் 1 கோடி 80 இலட்சம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் 70 வீதம் பெண்கள். 55 வயதுக்கு மேற்பட்டவர்கள் 55 வீதம். அப்படியென்றால் மிச்சப் பேர், கிட்டத்தட்டப் பாதி, உழைக்கிற வயதிலும் பிள்ளை பெறுகிற வயதிலும் இருக்கிறார்கள். 16 வயதுக்கு முதலே தொடங்குகிற வகையும் உண்டு.

அந்தப் போத்தல் பிள்ளையும் நானும் அடுத்த கிளினிக்குக்கு ஒரே நாளில் வரும்படி திகதி கேட்டு வாங்கினோம். பிறகு ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருந்து ஒருத்தி சேர்ந்தாள். பிறகு உழவு இயந்திரம் ஓடுகிற ஒரு தம்பி. உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை, ஒரு குழந்தைக்குத் தாயான ஒருத்தி. இப்போது ஏழு பேர். மருந்து எடுத்த பிறகு, ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறோம். பக்கத்துத் தேநீர்க்கடை ஐயா இரண்டு வாங்கு தருவார். அவருக்கு நாங்கள் யார் என்று தெரியாது. "கிளினிக் பிள்ளையள்" என்பார்.

அந்த மரத்தடியில் நடந்ததில் ஒன்றிரண்டைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

போன வருடம் ஒரு பிள்ளை புதிதாக வந்தாள். எந்த ஆஸ்பத்திரி, எந்த மருந்துக் கவுண்டர் என்று எழுதமாட்டேன். ஒருவரை மாட்டிவிட இதை எழுதவில்லை. வாயெல்லாம் புண், பிட்டுக்கூட விழுங்க முடியவில்லை என்றாள். எங்களில் மூத்தவள் உடனே கேட்டாள்: "மெதோட்ரெக்ஸேட் எந்த நாளில எடுக்கிறீங்கள்?" பிள்ளை விழித்தாள். "ஒவ்வொரு நாளும் இரவு." உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் நோய்க்குத் தரும் அந்தக் குளிசை கிழமைக்கு ஒரு நாள் மட்டும் எடுப்பது. தினமும் எடுத்தால் எலும்பு மச்சையையே அடக்கி, இரத்த அணுக்களைக் குறைத்து உயிரை எடுத்துவிடும். பிள்ளை ஐந்து நாளாக எடுத்திருந்தாள். இரண்டு பேர் அவளைக் கையோடு உள்ளே கூட்டிக்கொண்டு ஓடினோம். ஓடினோம் என்று எழுதுகிறேன். எங்களால் இயன்ற வேகத்தில் நடந்தோம். அன்றைக்கே வார்ட்டில் வைத்து இரத்தம் சோதித்தார்கள். தப்பிவிட்டாள். கொப்பியில் வைத்தியர் சரியாகத்தான் எழுதியிருந்தார், ஆங்கிலத்தில். குளிசைப் பையில் "1" என்று மட்டும் இருந்தது.

"எந்த நாள்" என்று அவளிடம் கேட்க அன்றுவரை ஒருவரும் இருக்கவில்லை. எங்களில் அந்தக் குளிசை எடுக்கிற எல்லோருக்கும் இப்போது மருந்து நாள் உண்டு. என்னுடையது வெள்ளி. அடுத்த நாள் ஓங்காளிக்கும், எனக்குச் சனி ஞாயிறு முன்பள்ளி இல்லை. வெள்ளியில் எடு என்று சொல்லித் தந்தவள் ஒட்டுசுட்டான்காரி. அதுவரை ஞாயிறு இரவு எடுத்துவிட்டுத் திங்கட்கிழமைகளில் பிள்ளைகளுக்கு முன்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேன்.

உழவு இயந்திரத் தம்பியின் கதை வேறு. 2009இல் இடுப்பில் பட்ட செல் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. முதுகு இறுகி நொந்தபோது அதுதான் காரணம் என்று வருடக்கணக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தார். உடம்புக்குள் உலோகத் துண்டு இருக்கிறவரை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் விட முதல் வைத்தியர்கள் பலமுறை யோசிப்பார்கள், காந்தம் இழுத்துவிடும் என்று. அதனால் அந்தச் சோதனையும் தள்ளித் தள்ளிப் போனது. பிறகு ஒரு வைத்தியர்தான், "படுத்தால் கூடுதா, வேலை செய்தால் குறையுதா?" என்று கேட்டுப் பிடித்தார். அங்கிலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ். இளம் வயதில் தொடங்கி முள்ளந்தண்டை இறுக்குகிற வாதம். ஒருநாள் அவர் எங்களிடம் சொன்னார்: "செல் துண்டு எண்டால் சனம் ஒரு மரியாதையா விலகி நிக்கும். வருத்தம் எண்டு சொல்லத்தான் வெக்கமா இருந்தது." மரத்தடியில் ஒருவரும் பேசவில்லை. எல்லோருக்கும் அது சொந்தக் கதை.

கலியாணப் பேச்சு வரும்போது நிலைமை இன்னும் மோசம். "வருத்தம் எண்டு வெளிய விடாத, பிறகு ஒருத்தரும் வரமாட்டினம்" என்று தாய்மார் பயத்தில் சொல்வார்கள். எங்களில் ஒருத்திக்கு நாள் குறித்தாகிவிட்டது. அவளும் மெதோட்ரெக்ஸேட் எடுக்கிறவள். அது கருவைப் பாதிக்கும் மருந்து, பிள்ளை வேண்டும் என்று நினைக்கிறவர்கள் மாதங்களுக்கு முன்பே வைத்தியரோடு பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். கிளினிக் அறையில் மேசைக்கு முன்னால் ஒரு நோயாளி இருக்கும்போது பின்னால் மூன்று பேர் கொப்பியோடு நிற்பார்கள். அந்த இடத்தில் கலியாணம் ஆகாத பிள்ளை என்னவென்று கேட்பாள்? குழந்தைக்காரி அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னாள், பிறகு தானே கூடப்போய்க் கதவடியில் நின்றாள். வைத்தியர் பொறுமையாகக் கேட்டு, சல்பசலசீனுக்கு மாற்றினார். அந்தக் குளிசை எடுத்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம் என்பதையும் குழந்தைக்காரிதான் முன்கூட்டியே சொல்லி வைத்தாள்.

உயர்தரப் பிள்ளைக்குப் பேனையில் சைக்கிள் ரியூப் வெட்டிச் சுற்றிக் கொடுத்தோம். தடித்தால் விரல் குறைவாக மடியும். பரீட்சைக்கு மேலதிக நேரம் கேட்டு மருத்துவச் சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம் என்பதும் அவளுக்கு மரத்தடியில்தான் தெரிந்தது.

எங்கள் ஊர்களில் சங்கம் இல்லாத விஷயம் இல்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் சங்கம், செத்தவீட்டுக்கும் ஒரு சங்கம். ஒன்றாக இருந்து பேசித் தீர்ப்பது எங்களுக்குப் புதிது இல்லை. இரத்தம் சுத்திகரிக்கப் போகும் சிறுநீரக நோயாளர்கள் ஒரே அறையில் நாலு மணித்தியாலம் படுத்திருப்பதால் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்கிறார்கள். எங்களுக்குக் கொப்பியில் கையெழுத்து, குளிசை, அடுத்த திகதி, பிறகு பஸ். ஒரே வாங்கில் மூன்று வருடம் பக்கத்தில் இருந்தும் முகம் தெரியாதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது நான் கிளிநொச்சி பஸாரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எந்தக் கடையில் இருக்கிறது என்று கேட்க எனக்கு அப்போது ஒருவரையும் தெரியாது.

இந்த மடலை எழுதச் சொன்னது அண்ணாதான். யாழ்ப்பாணத்தில் செயற்கைக்கால் பொருத்தப் போன இடத்தில் அவர் இரண்டு கிழமை நின்றவர். "நடக்கப் பழக்கினது அங்க இருந்த ஐயா. ஆனா விழுந்தா எப்பிடி எழும்புறது எண்டு காட்டினது பக்கத்துக் கட்டில்காரன். உனக்குப் பக்கத்துக் கட்டில் இல்லை, அதான் பிரச்சினை" என்றார். நான் அண்ணாவிடம் ஆறு வருடமாக மறைத்த நோவை அவர் இவ்வளவு சரியாகப் பிடித்திருந்தார்.

செலவும் பயனும் பார்க்காமல் திணைக்களம் எதையும் செய்ய முடியாது என்பது எனக்கு விளங்குகிறது. அதனால் ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்ற தாதி 1970களின் கடைசியில் மூட்டு நோயாளருக்கு ஒரு பயிற்சி தொடங்கினார். கிழமைக்கு ஒருமுறை இரண்டு மணித்தியாலம், ஆறு கிழமை. நடத்தியவர்கள் வைத்தியர்கள் இல்லை, பயிற்சி எடுத்த சாதாரண ஆட்கள், பலர் அதே நோய் உள்ளவர்கள். நாலு வருடம் கழித்துப் பார்த்தபோது நோவு 20 வீதமும் வைத்தியரிடம் போவது 40 வீதமும் குறைந்திருந்ததாக 1993இல் வெளிவந்த அவருடைய ஆய்வு சொல்கிறது. நோய் குறைந்துவிடவில்லை, உடல் இயலாமை சிறிது கூடவும் செய்திருந்தது. அப்படியிருந்தும் நோவு குறைந்தது. வாசித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை.

இளம் ஆட்களுக்கு ஏன் தனியாக என்று கேட்பீர்கள். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெரியம்மா வயதில் நாலு பேர் இருக்கும் இடத்தில் இருபது வயதுப் பிள்ளை மாதவிலக்கைப் பற்றியோ கலியாணத்தைப் பற்றியோ வாய் திறக்கமாட்டாள். அவர்கள் ஆசையாகத்தான் புத்தி சொல்வார்கள், கத்தரிக்காய் தின்னாதே, தலைக்கு முழுகாதே என்று. பிள்ளை தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள். 40 வயதுக்குள் என்று ஓர் எல்லை வையுங்கள். கூட வருகிற அம்மாமார் வெளியே இருக்கட்டும். கதவு சாத்த வேண்டும் என்று கேட்பதும் இதற்காகத்தான்.

ஒரு பயம் உங்களுக்கு வரும், எனக்கும் உண்டு. நோயாளர்கள் சேர்ந்தால் பிழையான மருத்துவமும் பரவும். பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் குளிசை ஒன்றை எங்களிடமும் ஒருவர் சொன்னார். இரண்டே நாளில் வீக்கம் வற்றுமாம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அதனால் ஒரு தாதியோ இயன்மருத்துவரோ முதல் பதினைந்து நிமிடம் எங்களோடு இருக்க வேண்டும். கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு எழும்பிப் போகட்டும். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் வேலை, அதில் நாங்கள் கை வைக்கமாட்டோம்.

சாய்வுள்ள கதிரை பத்து இருந்தால் நல்லது, சாய்வில்லாத வாங்கு முள்ளந்தண்டுக்காரருக்குச் சரிவராது. நேரம் பதினொரு மணிக்குப் பிறகு. எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாக ஒருவருக்கு இந்த நோயின் பெயரைச் சொல்கிற அன்றைக்கு, கொப்பியை மூட முதல், "உங்களைப் போல வேறு ஆட்களும் வருகினம், அந்த அறையில் போய் இருந்திட்டுப் போங்கோ" என்று சொல்லுங்கள். எனக்கு நோயின் பெயரைச் சொன்ன அன்று, வெளியே வந்து பஸ் தரிப்பிடம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் வெயிலில் நின்றேன். அந்த நேரத்தில்தான் ஓர் ஆள் வேண்டும்.

ஒக்டோபர் 12 உலக மூட்டுவாத நாள். அன்று பதாகை கட்டவும் மேடை போடவும் செலவழிக்கப் போகிறீர்கள் என்றால், அதற்குப் பதிலாக அன்றோடு இந்த ஒரு மணித்தியாலத்தைத் தொடங்கிவிடுங்கள். முதலில் ஓர் ஆஸ்பத்திரியில் தொடங்கிப் பார்க்கலாம். மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, நெடுங்கேணி என்று தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பஸ்ஸில் வரக்கூடிய இடமாக அது இருந்தால் போதும்.

ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துவிடும். வேப்பமரத்தடி சேறாகும், தேநீர்க்கடை ஐயா வாங்குகளை உள்ளே எடுத்துவிடுவார். போன மாரியில் நாங்கள் மூன்று மாதம் சந்திக்கவில்லை. அந்த மூன்று மாதத்தில் உழவு இயந்திரத் தம்பி மருந்தை நிறுத்திவிட்டிருந்தார். தை மாதம் அவர் குனிந்தபடி வந்து இறங்கியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இந்த மாரிக்கு முதல் உங்கள் பதில் வர வேண்டும். அதுவரைக்கும், கிளினிக் நாளில் புதிதாக ஓர் இளம் ஆள் வந்தால், மதிலுக்கு வெளியே வேப்பமரத்தடியைக் காட்டி விடுங்கள். பதினொன்றரையில் இருந்து கடைசி பஸ் வரைக்கும் நாங்கள் அங்கே இருப்போம்.

இப்படிக்கு,
ஏழு பேர் சார்பில்,
துணுக்காயில் இருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை